உள்ளங்கையில் ஒரு கண்

பழைய வெள்ளி நகைகளை மதிப்பிடும் தொழிலுக்கு அண்மையில் வந்திருப்பவர்கள் என்னைச் சந்திக்கும்போது கேட்பவை பெரும்பாலும் ஒரே மாதிரியான கேள்விகள். திபெத்திய வேலைப்பாட்டையும் நேபாள வேலைப்பாட்டையும் எப்படிப் பிரித்தறிவது, வெள்ளியில் ஏறியிருக்கும் கறுப்பு காலம் கொடுத்ததா, மருந்து கொடுத்ததா, பதித்திருக்கும் கல் கல்தானா என்பன போன்றவை. இவற்றுக்கெல்லாம் நூல்கள் இருக்கின்றன. நூல் படிக்கப் பொறுமை இல்லாதவர்கள் ஒரு நல்ல கடையில் சில பருவங்கள் நின்றால் போதும். கை தானாகப் பழகிவிடும். எந்த நூலிலும் இல்லாத ஒன்றைப் பற்றியே நான் இங்கே எழுத நினைக்கிறேன். பொறாமையைப் பற்றி. உங்கள் மேசையில் உருப்பெருக்கிக் கண்ணாடி எங்கே இருக்கிறதோ, அதற்கு அருகிலேயே அதுவும் உட்கார்ந்திருக்கும். அதை வைத்துக்கொண்டு எப்படி வேலை செய்வது என்பதை யாரும் உங்களுக்குக் கற்றுத் தரப்போவதில்லை.

உதகையில் சேரிங் கிராஸுக்கு அருகில் இருந்த பழம்பொருள் கடையொன்றில் நான் மதிப்பீட்டாளராகப் பணியாற்றி ஓய்வு பெற்றேன். வரலாற்றில் முதுகலைப் பட்டம் பெற்றவன். நான் கையெழுத்திட்ட விவரச் சீட்டோடு வெளியே போன நகை எதுவும், சீட்டில் சொன்னது தவறு என்று திரும்பி வந்ததில்லை. இது தற்பெருமை அன்று; விசாரித்தால் தெரிந்துவிடும் செய்தி.

எங்கள் கடையில் ஒரு முறை உண்டு. நகையைக் கொண்டுவருபவரின் கதையை மதிப்பீட்டாளர் முதலில் கேட்கக் கூடாது. பொருளைப் பார்த்து, தன் முடிவை எழுதி, தாளைக் கவிழ்த்து வைத்த பிறகே கதை. என்னைப் பணிக்கு எடுத்த முதலாளி முதல் நாளே சொன்னார்: "கதையைக் கேட்டுப்போட்டுப் பொருளைப் பாத்தீங்கன்னா, அதுக்கப்பறம் கதைதானுங்க கண்ணுக்குத் தெரியும். பொருள் தெரியாது." அந்த முறையை நான் பணிக்காலம் முழுவதும் காத்தேன். ஒரே ஒரு முறை அது என்னை மீறி உடைந்தது. அதைத்தான் சொல்ல வருகிறேன்.

அதற்கு முன் துரைராஜைப் பற்றிச் சொல்ல வேண்டும். குன்னூரில் பெட்போர்டு பக்கம் சொந்தமாக வெள்ளி நகைக் கடை வைத்திருப்பவர். கோயம்புத்தூரில் ஒரே கல்லூரியில் ஒரே வகுப்பில் படித்தோம். முதல் மதிப்பெண் என்னுடையது. அவர் எங்கோ நடுவில் இருந்தார். ஆனால் இந்த மலையில் பௌத்த உருவம் பொறித்த ஒரு பழைய வெள்ளி நகை கிடைத்தால், "துரைராஜ்கிட்டக் காட்டுங்க" என்றுதான் முதலில் சொல்வார்கள். எஸ்டேட் பங்களாக்காரர்களும் அப்படித்தான், கூடலூர் வியாபாரிகளும் அப்படித்தான். படகர்களோடு படக மொழியில் பேசுவார், கூடலூர்க்காரர்களோடு மலையாளத்தில் பேசுவார். நகையை நாம் கண்ணாடிக்கடியில் வைப்போம், அவர் கொண்டுவந்தவரின் உள்ளங்கையிலேயே வைத்து, "இது யாரு போட்டிருந்ததுங்க?" என்று கேட்பார். தேநீர் வரும். கதை வரும். பிறகுதான் பொருளைப் பார்ப்பார். எங்கள் முறைக்கு நேர் எதிரான முறை. அந்த முறையில் ஒருவர் சரியான முடிவுக்கு வரக் கூடாது என்பது என் உறுதியான கருத்து. அவர் பெரும்பாலும் வந்தார். என்னால் பொறுக்க முடியாதது அதுதான்.

அவர் தவறியதே இல்லை என்று சொல்ல மாட்டேன். ஒரு முறை கோயம்புத்தூர் வாடிக்கையாளர் ஒருவருக்குப் பதக்கம் ஒன்றைக் காட்டி, பழைய பிள்ளையார் என்று சொல்லியிருக்கிறார். பெருத்த வயிறு, உட்கார்ந்த கோலம், கையருகே ஒரு சிறிய விலங்கு. முகம் தேய்ந்து போயிருந்தது. நம் ஊர்க் கண்ணுக்கு அது பிள்ளையாரும் மூஞ்சூறும்தான். கோயில் கோயிலாகப் பார்த்து வளர்ந்த கண் வேறு எதைக் காணும்? அந்தப் பதக்கம் சுற்றிச் சுற்றி என்னிடம் வந்தது. விலங்கு காலடியில் இல்லை. இடது கையில் இருந்தது. அதன் வாயிலிருந்து உருண்டையாக ஏதோ சிந்திக்கொண்டிருந்தது. அது கீரி. சிந்துபவை மணிகள். உருவம் ஜம்பலர், பௌத்தர்களின் செல்வத் தெய்வம். அந்தக் கீரியை அழுத்தினால் மணிகளைக் கக்கும். தன்னிடம் உள்ளதை வெளியே விடுவதே செல்வம் என்பது அதன் குறிப்பு. ஒரு திருமண வரவேற்பில், பலர் கேட்கும்படி, இதை நான் துரைராஜிடம் எடுத்துச் சொன்னேன். அவர் முகம் சுருங்கும் என்று எதிர்பார்த்தேன்.

அவர் வாய்விட்டுச் சிரித்தார். "அட, கீரியப் புடிச்சு மூஞ்சூறாக்கிப்போட்டனா! அதுக்குத்தான் நீ இருக்கியே புரொபசரு" என்றார். நான் எந்தக் கல்லூரியிலும் பேராசிரியராக இருந்ததில்லை. அவர் வைத்த பெயர் அது. அதன் பிறகு அந்தக் கீரிக் கதையை அவரே தம் கடைக்கு வருபவர்களிடமெல்லாம் சொல்லிச் சிரித்தார். கண்டுபிடித்தவன் நான். அந்தக் கதையால் மக்களுக்கு நெருக்கமானவர் அவர். பிழை செய்தும் ஒருவன் நற்பெயர் ஈட்ட முடியும் என்பதை நான் அன்று கண்டேன். எனக்கு அந்த வித்தை வராது என்பதையும் கண்டேன்.

இனி பேமாவின் செய்தி.

பேமா திபெத்தியப் பெண். கர்நாடகத்தில் உள்ள குடியிருப்பைச் சேர்ந்தவர். சீசன்தோறும் உதகைக்கு வந்து ஸ்வெட்டர் விற்பார். சிறுமியாக இருந்தபோதே தாயாரோடு வந்து பழகியதால் நம்மைப் போலவே தமிழ் பேசுவார். ஒரு பகல்வேளை, மழைக்குச் சந்தை ஆளற்றுக் கிடந்த நேரத்தில் எங்கள் கடைக்கு வந்தார். கையில் நகை ஏதும் இல்லை. ஆகவே கவிழ்த்து வைக்க என்னிடம் தாளும் இல்லை. உட்காருவதற்கு முன்பே பேசத் தொடங்கிவிட்டார்.

"சார், குன்னூர்ல துரைராஜ் சார் கடையில ஒரு தாயத்துப் பெட்டி இருக்கு. அது எங்க அம்மாவோடது."

தொலைபேசியில் எடுத்த படத்தைக் காட்டினார். கடைக் கண்ணாடி வழியாக எடுத்தது, வெளிச்சம் அடித்திருந்தது. கழுத்தில் மாட்டிக்கொள்ளும் வெள்ளிப் பெட்டி. உள்ளே மந்திரம் எழுதிய தாளும் ஆசி பெற்ற பொருள்களும் வைத்து மூடியிருப்பார்கள். அதைத் திறப்பதில்லை. பெட்டியின் முகப்பில் ஒரு பெண் தெய்வம் புடைப்பாக இருந்தது. நான்கு மூலைகளிலும் நீலப்பச்சைக் கல், கீழ்மூலை ஒன்றில் மட்டும் கல் விழுந்து குழி தெரிந்தது. தாயாருடையதும் இதே அளவு, இதே வளைவு, இதே மூலையில் கல் இல்லாதது என்றார்.

"எப்படித் தொலைந்தது?" என்று கேட்டேன். கேட்டிருக்கக் கூடாது.

"நான் சின்னப் பொண்ணு சார். மேட்டுப்பாளையத்துல இருந்து மேலே வர்றோம். பர்லியாறுல பஸ் நின்னுச்சு. அம்மா மங்குஸ்தான் வாங்க இறங்குனாங்க. திரும்பி ஏறும்போது கூட்டத்துல கயிறு அறுந்திடுச்சு. குன்னூர் வந்தப்பறம்தான் கழுத்தைத் தொட்டுப் பாத்தாங்க. திரும்பிப் போயி அந்த ரோடு முழுக்கத் தேடினோம். கிடைக்கலை. அதுக்கப்பறம் அம்மா மங்குஸ்தான் தின்னதே இல்லை சார்."

"துரைராஜிடம் சொன்னீர்களா?"

"சொன்னேன். எஸ்டேட் பங்களா ஒண்ணைக் காலி பண்ணும்போது சாமானோட சாமானா வந்ததாம். முறையா வாங்கினதுதான். ஆனா அவர் சீட்டுல வெண் தாரான்னு எழுதி வெச்சிருக்கார் சார். எங்க அம்மா போட்டிருந்தது பச்சைத் தாரா. எனக்கு நல்லா ஞாபகம் இருக்கு. ஒரு கால் கீழே இறங்கியிருக்கும். நான் அழுதா அம்மா அந்தக் காலைத் தொட்டுக் காட்டி, 'பாரு, உன்கிட்ட வரத்தான் எந்திரிக்கிறாங்க'ன்னு சொல்வாங்க."

பிறகு சொன்னார்: "அம்மா படுத்த படுக்கையா இருக்காங்க சார். கண்ணும் தெரியலை. அந்தப் பெட்டியைத்தான் கேட்டுக்கிட்டே இருக்காங்க. நீங்க சொன்னா எல்லாரும் ஒத்துக்குவாங்கன்னு சொன்னாங்க."

யார் சொன்னார்கள் என்று நான் கேட்கவில்லை. சொல்லத்தக்க செய்திதானே.

இங்கே உங்களுக்காகச் சிறிது நிறுத்துகிறேன். தாரா, துன்பத்தைக் கடக்க உதவும் பௌத்தப் பெண் தெய்வம். துணி ஓவியத்தில் பச்சைத் தாராவும் வெண் தாராவும் நிறத்தாலேயே விளங்கிவிடுவார்கள். வெள்ளியில் எல்லாரும் வெள்ளிதான். அங்கே காலும் கையுமே நிறத்தைச் சொல்ல வேண்டும். பச்சைத் தாராவின் வலக்கால் இருக்கையிலிருந்து இறங்கி, கீழே ஒரு சிறு தாமரையின் மேல் ஊன்றியிருக்கும். அழைத்தவுடன் எழுந்து ஓடி வருவதற்கு ஆயத்தமான கால் அது. வெண் தாரா இரு கால்களையும் மடித்து அசையாமல் அமர்ந்திருப்பாள். நெற்றியிலும், உள்ளங்கைகளிலும், உள்ளங்கால்களிலும் அவளுக்குக் கண்கள் உண்டு; எந்தத் திசையில் எந்த உயிர் வருந்தினாலும் காண்பதற்காக. நீண்ட ஆயுளை வேண்டுபவர்கள் அவளை வேண்டுவார்கள். பௌத்த உருவத்தில் முகத்தைப் பார்த்து முடிவு செய்யாதீர்கள். முகங்கள் எல்லாம் ஒரே அமைதியில் இருக்கும். பக்தர்களின் விரல் முதலில் தேய்ப்பதும் முகத்தைத்தான்.

மறுநாள் பேமாவோடு குன்னூருக்குப் பேருந்தில் சென்றேன். வழியெல்லாம் அவர் சன்னலைப் பார்த்துக்கொண்டு வந்தார். என் மனம் எப்படி இருந்தது என்பதை மறைக்கப்போவதில்லை. மறைத்தால் நீங்கள் இதைப் படிப்பதில் பயனில்லை. துரைராஜ் தவறியிருக்கிறார் என்று நான் விரும்பினேன். வெறும் தவறு அன்று. எழுதி, கண்ணாடிக்குள் வைத்து, ஊரே பார்த்த தவறு. அதை நான் எடுத்துச் சொன்னால் நோயுற்ற ஒரு தாய்க்கு அவளுடைய பொருள் திரும்பக் கிடைக்கும். பொறாமைக்கு இவ்வளவு கண்ணியமான உடை அதுவரை கிடைத்ததில்லை. இந்த முறை சிரித்து மழுப்ப முடியாது என்று அரவங்காடு தாண்டும்போது நினைத்துக்கொண்டேன்.

கடையில் வழக்கம்போல் ஆள் இருந்தது. வெடிமருந்துத் தொழிற்சாலையில் வேலை பார்த்து ஓய்வு பெற்ற ஒருவர், அவருக்கு அங்கே நிரந்தர நாற்காலி. என்னைக் கண்டதும் சத்தமாகச் சொன்னார்: "புரொபசர் வந்துட்டாருங்க. இனிச் சாமியே ஆனாலும் அடையாள அட்டை காட்டோணும்."

"சும்மா இருங்க நீங்க. வாப்பா, உக்காரு" என்றார் துரைராஜ். பேமாவைப் பார்த்து, "வாங்க அம்மிணி. சாப்ட்டீங்களா?" என்றார். பெட்டியை எடுத்து, வழக்கப்படி, பேமாவின் கையில் வைத்தார். பேமா அதைக் கட்டை விரலால் ஒரு முறை வருடினார். பிறகு என்னிடம் நீட்டினார்.

"பாருங்க சார்."

துரைராஜ் சன்னலோர மேசையைக் காலி செய்து கொடுத்தார். எதுவும் சொல்லவில்லை. தம் முடிவை மற்றொருவர் சோதிக்கும்போது ஒரு நகை வல்லுநர் பேசாமல் இருப்பது அரிது. அவர் பேசாதது எனக்கு இன்னும் எரிச்சலூட்டியது.

பெட்டியின் அளவு, வளைவு, விழுந்த கல், எல்லாம் பேமா சொன்னபடியே இருந்தன. இவை எதையும் மெய்ப்பிக்கமாட்டா. ஒரே பட்டறையில் ஒரே அச்சில் பல பெட்டிகள் செய்வார்கள். மார்பில் தொங்கும்போது கீழ்மூலைதான் முதலில் இடிபடும், ஆகவே அந்த மூலைக் கல்லே பெரும்பாலும் விழும். தெய்வமே சாட்சி சொல்ல வேண்டும். முகம் மழுங்கிப் போயிருந்தது. மடியும் கால்களும் பல காலம் விரல் பட்டுத் தேய்ந்து, நனைந்த சோப்புக்கட்டி போல் வழவழத்திருந்தன. கால் மடங்கியிருந்ததா, இறங்கியிருந்ததா என்று அந்த வழவழப்பிலிருந்து யாராலும் சொல்ல முடியாது.

ஆனால் இருக்கைக்குக் கீழே, வலக்கால் இறங்கினால் ஊன்ற வேண்டிய சரியான இடத்தில், வட்டமாக ஓர் அடையாளம் இருந்தது.

சிறு தாமரை. அதைச் சொல்லிவிட என் நாக்கு எழுந்துவிட்டது. பேமா என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். என் முகத்தில் அவர் எதைக் கண்டாரோ, "இருக்குதா சார்?" என்றார்.

"பொறுங்கள்" என்றேன்.

நீங்கள் நினைவில் வைக்க வேண்டிய இடம் இது. நான் விரும்பியது கண்முன் வந்த நொடி. அந்த நொடியில்தான் மறுபடி பார்க்க வேண்டும். இவ்வகை முகப்புகளைத் தகட்டின் பின்புறமிருந்து தட்டி எழுப்புவார்கள். தாமரையாக இருந்தால், எவ்வளவு தேய்ந்தாலும் அது மேட்டின் மிச்சமாகத்தான் இருக்கும். பெட்டியைச் சன்னல் வெளிச்சத்துக்குப் பக்கவாட்டில் சாய்த்தேன். நகத்தால் அந்த வட்டத்தின் மேல் மெல்ல இழுத்தேன். நகம் ஏறவில்லை, இறங்கியது. அது முன்புறமிருந்து விழுந்த அடி. எங்கோ கல்லில் பட்ட நசுங்கல். தாமரை அன்று.

அப்போதும் நான் கைவிடவில்லை. நசுங்கல் ஒரு தாமரையின் மேலேயே விழுந்திருக்கலாம் அல்லவா? அப்படி வாதிட்டால் மறுக்க யாரும் அங்கே இல்லை. வேறு சான்று தேடினேன். விரல் எட்டாத இடங்களையே தேட வேண்டும். வலக்கை முழங்காலின் மேல் வெளிநோக்கித் திரும்பி, வரம் தரும் கோலத்தில் இருந்தது. உள்ளங்கை சற்றுக் குழிவாக இருப்பதால் அங்கே தேய்மானம் குறைவு. அழுக்கு மட்டும் படிந்திருந்தது. மென்மையான தூரிகையால் அதை அகற்றிவிட்டுக் கண்ணாடியை வைத்தேன்.

உள்ளங்கையில் ஒரு கண் இருந்தது. உளியின் இரண்டு கீற்றும் நடுவில் ஒரு புள்ளியும். திறந்த கண். என்னைப் பார்த்துக்கொண்டிருந்தது.

வெண் தாரா. துரைராஜ் எழுதியது சரி.

சொல்லாமல் விட்டிருக்கலாமா என்று பின்னாளில் சிலர் என்னிடம் கேட்டதுண்டு. விட்டிருந்தால் யாருக்கும் நட்டமில்லை. கண் தெரியாத தாயின் கையில் பெட்டி போய்ச் சேரும், பேமா மகிழ்வார், துரைராஜின் பெயருக்கு ஒரு கீறல் விழும், அதையும் அவர் தாங்கிக்கொள்வார். இரக்கமும் பொறாமையும் ஒரே பக்கம் நின்று இழுத்தன. அவை இரண்டும் எப்போதாவது ஒரே பக்கம் நின்றால், நண்பர்களே, நீங்கள் மிகவும் அஞ்ச வேண்டும். நம் தொழிலில் பொய் அப்படித்தான் வரும், நல்லவன் வேடத்தில்.

"இது பச்சைத் தாரா அல்ல, அம்மா" என்றேன். "உங்கள் தாயாருடைய பெட்டி அல்ல."

கண்ணாடியை அவரிடமே கொடுத்து உள்ளங்கையைக் காட்டினேன். நீண்ட நேரம் பார்த்தார். அழவில்லை. "ஆமா சார். கண்ணு இருக்கு" என்று மட்டும் சொன்னார். பிறகு பெட்டியைத் துணியின் மேல் வைத்து, மெல்லத் துரைராஜின் பக்கம் நகர்த்தினார். "அப்ப இது வேற யாரோ தேடிக்கிட்டிருக்கிறது" என்றார்.

நான் என் கருவிகளைப் பையில் வைக்கத் தொடங்கினேன். என் வேலை முடிந்துவிட்டது என்று நினைத்தேன். சரியான முடிவு, சரியான சான்று.

துரைராஜ் பெட்டியை எடுத்து உள்ளே வைக்கவில்லை. "ஏனுங்க அம்மிணி" என்றார். "அம்மாளுக்கு ஒடம்பு சரியில்லைன்னு சொன்னீங்களே. அதுக்கு நீங்க எந்தத் தாராவுக்கு வேண்டிக்குவீங்க?"

பேமா நிமிர்ந்து அவரைப் பார்த்தார். பிறகு பெட்டியைப் பார்த்தார். "இவங்களுக்குத்தான்" என்றார்.

"அப்பறமென்னங்க? எடுத்துட்டுப் போங்க. அம்மா இருக்கற வரைக்கும் அம்மா கையில இருக்கட்டும். உங்களுதுன்னு சொல்லி வாங்கீட்டுப் போக வேண்டாம். எம்படதுன்னு சொல்லியே குடுங்க."

"அம்மாகிட்ட வெண் தாரான்னே சொல்லுவேன் சார்" என்றார் பேமா. அப்போதுதான் அழுதார். அழுதுகொண்டே துரைராஜின் இரு கைகளையும் பிடித்துக்கொண்டார். துரைராஜுக்கும் கண் கலங்கியது. நாற்காலிக்காரர் எழுந்துபோய்த் தேநீர் சொன்னார்.

நான் பையின் வாரைப் பூட்டிக்கொண்டிருந்தேன். வெண் தாரா ஆயுள் தருபவள் என்பதை என் விவரச் சீட்டுகளில் எத்தனையோ முறை எழுதியவன் நான். முதல் நாள் பேமா தம் தாயார் படுக்கையில் இருப்பதாகச் சொன்னதைக் கேட்டவனும் நான். இரண்டும் என்னிடம் இருந்தன. அந்தக் கண்ணை அழுக்குக்கடியிலிருந்து வெளியே கொண்டுவந்ததும் என் தூரிகைதான். ஆனால் அந்தக் கேள்வியைக் கேட்டவர் அவர். அறிவில் அவர் என்னைவிட ஓர் அணுவும் மேலில்லை. அதனால்தான் அது அவ்வளவு சுட்டது. தெரியாத ஒன்றை அவர் சொல்லியிருந்தால் கற்றுக்கொண்டேன் என்று போயிருப்பேன்.

பேமா பெட்டியை மேலாடைக்குள் மாட்டிக்கொண்டு புறப்பட்ட பிறகு துரைராஜ் என்னிடம் வந்தார்.

"நல்ல வேளை நீ வந்தே. நாந்தான் அந்த அம்மிணியை உங்கிட்டப் போகச் சொன்னேன்."

எனக்கு விளங்கவில்லை. "உமக்கே ஐயமா?"

"இல்லப்பா. கண்ணை நானும் பாத்தேன். ஆனா நான் சொன்னா அவங்க நம்புவாங்களா? விக்கறவன் சொல்றான்னுதான் நெனைப்பாங்க. ஆயுசுக்கும் மனசுல அந்தச் சந்தேகம் இருந்துக்கிட்டே இருக்கும். எனக்குச் சாதகமா நீ ஒரு வார்த்தை சொல்லீட்டா, அதுக்கு மேல யாரும் கேக்க மாட்டாங்க. இந்த மலைக்கே தெரியுமில்ல உனக்கு என்னைக் கண்டா ஆகாதுன்னு."

இதை அவர் வன்மமாகச் சொல்லவில்லை. அப்படிச் சொல்லியிருந்தால் பதில் சொல்லியிருப்பேன்.

"நான் பச்சை என்று சொல்லியிருந்தால்?" என்று கேட்டேன்.

"அப்பவும் குடுத்திருப்பேன். நீ சொன்னா அது பச்சைதான். சரி, டீ ஆறுது, எடுத்துக்க."

நான் தேநீரை அருந்தாமல் வந்துவிட்டேன். என் பொறாமையைக்கூட அவர் தம் கடையின் கருவிகளுள் ஒன்றாக எடுத்துப் பயன்படுத்தியிருக்கிறார். அதுவும் நல்ல காரியத்துக்கு. இதைவிட ஒருவனைப் பொறாமைப்பட வைக்க வேறு என்ன வேண்டும்?

ஆகவே உங்களுக்கு நான் சொல்ல வருவது பொறாமையை விட்டுவிடுங்கள் என்பதன்று. அது விடாது, எனக்குத் தெரிந்த நல்ல மதிப்பீட்டாளர் எவரையும் அது விட்டதில்லை. உங்கள் நண்பர் உங்கள் சீட்டை மேலோட்டமாகப் பார்த்துத் தலையசைப்பார். உங்களைக் கண்டால் ஆகாதவர்தான் மூலைமுடுக்கெல்லாம் கண்ணாடி வைத்துப் பார்ப்பார். பொறாமையோடு பாருங்கள்; அது பார்வையைக் கூர்மையாக்கும். எழுதும்போது மட்டும் அதன் கையில் பேனாவைக் கொடுக்காதீர்கள். உங்கள் முடிவு ஒருவருக்கு மிகவும் முக்கியமானதாக இருக்கும்போது, உங்களைப் பிடிக்காத ஒரு வல்லுநரிடம் அதை அனுப்பும் துணிவும் வேண்டும். அந்தத் துணிவு எனக்கு இருந்ததா என்று கேட்காதீர்கள். நான் எதையும் துரைராஜிடம் அனுப்பியதில்லை.

அடுத்த சீசனில் பேமா வந்தார். குன்னூரில் இறங்கித் துரைராஜைப் பார்த்துவிட்டுத்தான் உதகைக்கு ஏறியிருக்கிறார். அவருடைய தாயார் எழுந்து உட்காரத் தொடங்கிவிட்டார், பெட்டியை யார் கேட்டாலும் தருவதில்லை, உள்ளங்கைக் கண் எங்கே இருக்கிறது என்று பேரப்பிள்ளைகளுக்கு விரலால் தடவிக் காட்டுகிறார் என்பதையெல்லாம் நான் துரைராஜின் வாயால்தான் கேட்க வேண்டியிருந்தது. தொலைபேசியில் அழைத்துச் சொன்னார்.

"மொதல்ல நம்ம கடைக்குத்தான் வந்துச்சுப்பா அந்த அம்மிணி" என்றார். அதைச் சொல்லாமல் இருந்திருக்கலாம்.

பிறகு, "ஒரு மோதிரம் வந்திருக்குது. வாளும் சுவடியும் இருக்கறாப்புல தெரியுது, மஞ்சுஸ்ரீன்னு எழுதியிருக்கேன். நீ ஒரு கண்ணு பாத்தா நல்லாருக்கும். எப்ப வர்றே?" என்று கேட்டார். மஞ்சுஸ்ரீ, பௌத்தர்களின் அறிவுத் தெய்வம்.

வேலை இருக்கிறது, பார்க்கலாம் என்று சொல்லி வைத்துவிட்டேன். மறுநாள் காலை முதல் பேருந்தில் குன்னூருக்குப் புறப்பட்டேன், இந்த முறையாவது அவர் தவறியிருப்பார் என்ற நம்பிக்கையோடு.